மடகாஸ்கரில் கேமராவோடு: வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் பயணம் போட ஒரு முழு வழிகாட்டி

முதல் முறை மடகாஸ்கருக்குப் போனபோது பதினான்கு நாளில் ஏழு ஊர் என்று திட்டம் போட்டேன். திரும்பி வந்து படங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கார் கண்ணாடி வழியாக எடுத்தவை. ஓரத்தில் வண்டியின் பக்கக் கண்ணாடி, நடுவில் கலங்கலாக ஒரு மாட்டு வண்டி, மேலே வெளிறிப்போன நண்பகல் வானம். ஊர் அழகாகத்தான் இருந்தது. நான்தான் அழகான நேரத்தில் எங்கும் நிற்கவில்லை.

காரணம் எளியது. ஜூலை மாதத்தில் அங்கே காலை ஆறேகால் வாக்கில் விடிகிறது. மாலை ஐந்தரைக்குச் சூரியன் மறைந்துவிடுகிறது. இருட்டிய பிறகு ஊர்விட்டு ஊர் வண்டி ஓட்ட விவரமான ஓட்டுநர் யாரும் சம்மதிப்பதில்லை. பள்ளங்கள், விளக்கில்லாத மாட்டு வண்டிகள், சில வட்டாரங்களில் வழிப்பறி. ஆகவே தூரப் பயணம் என்றால் விடிந்ததும் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். படம் எடுப்பவனுக்கு உயிரான காலை ஒரு மணி நேரத்தையும் மாலை ஒரு மணி நேரத்தையும் சாலையே தின்றுவிடும். இரண்டாம் முறை போனபோது இந்தக் கணக்கை முதலில் வைத்தேன். மற்றதையெல்லாம் அதன்மேல் போட்டேன். கீழே எழுதியிருப்பது அந்த இரண்டாம் பயணத்தின் அனுபவத்தில்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலை பார்த்து மாதத்தை முடிவு செய்யாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். 2022 பிப்ரவரியில் பட்சிராய் புயல் கிழக்குக் கரையைப் புரட்டிப் போட்டது. அந்த மாதங்களில் மேற்குப் பக்கத்து மண்சாலைகள் சேறாகி, பல இடங்களுக்கு வண்டியே போகாது. யுனெஸ்கோ பட்டியலில் 1990-இல் இடம்பெற்ற பெமராஹா சுண்ணாம்புக் கல் காடு, ஊசிகளை நட்டு வைத்தாற்போன்ற அந்தப் பாறைப் பரப்பு, மழைக்காலத்தில் மூடிக் கிடக்கும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வறண்ட காலம். அதற்குள்ளும் வேறுபாடு உண்டு. மே மாதத்தில் எல்லாம் பச்சை, காற்று கழுவிவிட்டதுபோல் தெளிவு, ஆனைப்புளி இனத்துப் பாவோபாப் மரங்களின் அருகே மழைநீர்க் குட்டைகள் இன்னும் வற்றாமல் இருக்கும். மரத்தின் பிம்பம் வேண்டுபவர்களுக்கு இதுதான் காலம். ஜூலையில் வானம் நீலம், ஆனால் நடு மேட்டுநிலத்தில் குளிர் எலும்பில் இறங்கும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அன்ட்சிராபேயில் என்னிடமிருந்த இரண்டு சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தூங்கினேன். வெப்பமண்டல நாடு என்ற சொல்லை நம்பிப் பருத்திச் சட்டையோடு போனவனின் கதி அது. செப்டம்பர், அக்டோபரில் குரங்குபோன்ற லெமூர்கள் குட்டிகளோடு திரியும். அதே நேரத்தில் மேய்ச்சலுக்கும் விதைப்புக்கும் புல்லையும் காட்டையும் கொளுத்துவதால் வானம் புகை மூட்டமாக இருக்கும். சூரியன் செம்பருத்திப் பூப்போல் இறங்கும், தொலைவுக் காட்சி மங்கும். புகையை விரும்பும் படக்காரர்களும் உண்டு. நான் மே கடைசியையோ ஜூலையையோ சொல்வேன்.

இரண்டாம் படி: வரைபடத்தில் பாதியை அடித்துவிடுங்கள்

மடகாஸ்கரின் பரப்பு சுமார் 5,87,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு. உலகின் நான்காவது பெரிய தீவு. தலைநகர் அந்தனானரிவோவை எல்லோரும் டானா என்றே சொல்கிறார்கள். அங்கிருந்து கிளம்பும் வழிகளில் படக்காரருக்கு முக்கியமானவை மூன்று: கிழக்கே மழைக்காடு, தெற்கே ஏழாம் எண் நெடுஞ்சாலை, மேற்கே பாவோபாப் மரங்களும் கடலும். வடக்கையும் சேர்க்கலாமே என்று ஆசை வரும். சேர்க்காதீர்கள்.

கணக்கு இப்படி. வரைபடத்தில் காட்டும் தூரத்தை மணிக்கு 40 கிலோமீட்டரால் வகுங்கள். கெட்ட சாலை என்றால் 25-ஆல் வகுங்கள். விடை எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் அந்த நாளில் படம் இல்லை என்று எழுதிவிடுங்கள். அப்படி எழுதிய ஒவ்வொரு நாளுக்கும், வண்டியே எடுக்காத இரண்டு நாட்களைப் போய்ச் சேரும் ஊரில் சேருங்கள். இதைச் செய்தவுடன் ஏழு ஊர் நாலாகச் சுருங்கிவிடும். என் இரண்டாம் பயணம் 24 நாள். டானாவுக்குக் கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில் உள்ள அண்டசிபே காட்டில் நான்கு இரவு, அன்ட்சிராபேயில் இரண்டு, தெற்கே அம்பலவாவில் நான்கு, பிறகு வந்த வழியே திரும்பி, மியாண்ட்ரிவாசு என்ற புழுக்கமான ஊரில் ஒரு ராத்தங்கல், அங்கிருந்து மேற்குக் கரையில் மொரொண்டாவா, அங்கே ஐந்து. மீதி நாட்கள் சாலைக்கும் டானாவுக்கும். மொரொண்டாவாவிலிருந்து டானாவுக்கு உள்நாட்டு விமானம் பிடித்தேன். அந்த விமானங்களின் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு முழு நாள் இடைவெளி விடாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் விட்டிருந்தேன். விமான நிலையத் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: விசா, பணம், ஓட்டுநர்

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் நைரோபி, அடிஸ் அபாபா அல்லது மொரீஷியஸ் வழியாகப் போகிறார்கள். சுற்றுலா விசாவை டானா விமான நிலையத்திலேயே தருகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இடைவெளியைக் குறைத்து டிக்கெட் எடுங்கள், அல்லது ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மலேரியா உள்ள நாடு. தடுப்பு மாத்திரை பற்றிக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

பணத்தின் பெயர் அரியாரி. இருப்பதிலேயே பெரிய நோட்டு 20,000 அரியாரி. நம் கணக்கில் அது சில நூறு ரூபாய்தான். டானாவில் மாற்றிய பணத்தைக் கேமராப் பையின் லென்ஸ் அறை ஒன்றில் அடுக்க வேண்டியிருந்தது. நகரம் தாண்டினால் அட்டை செல்லுமென்று நம்பாமல் பணமாகவே வைத்திருங்கள். இன்னொரு சிக்கல்: 2005 வரை பிராங்க் என்ற நாணயம் இருந்தது; ஐந்து பிராங்க் சேர்ந்தது ஓர் அரியாரி. கிராமத்துச் சந்தையில் முதியவர்கள் இன்னமும் பிராங்க் கணக்கில் விலை சொல்வார்கள். ஐந்தாயிரம் என்று ஒரு கிழவி வாழைப்பழத்துக்கு விலை சொல்ல, கொள்ளை என்று நான் முறைக்க, அவர் கேட்டது ஆயிரம் அரியாரிதான் என்று ஓட்டுநர் விளக்கினார். விலை கேட்டவுடன் எந்தக் கணக்கு என்றும் கேளுங்கள்.

கூட்டம் நிறைந்தால் கிளம்பும் டாக்ஸி-ப்ரூஸ் என்ற வேன்கள்தான் மக்களின் போக்குவரத்து. மலிவு. ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில் நிற்காது. நின்றாலும் பதினெட்டுப் பேர் உங்கள் ஒரு படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். செலவை எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், ஓட்டுநரோடு கூடிய வண்டியில் குறைக்காதீர்கள். பேசும்போது நான்கு விஷயங்களைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்: எரிபொருள் யார் செலவு, அவருடைய சாப்பாடும் தங்கலும் யார் செலவு, விடிவதற்கு முன் ஊருக்குள்ளேயே இருபது முப்பது நிமிடம் ஓட்டுவாரா, படம் எடுக்கச் சொன்ன இடத்தில் நிறுத்துவாரா. கடைசிக் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். முதல் நாளிலேயே ஐந்து தடவை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். ஐந்தாவது தடவை அவர் முகம் எப்படி இருக்கிறதோ அதுதான் உண்மையான பதில்.

நான்காம் படி: பையில் என்ன வைப்பது

இரண்டு கேமரா உடல். ஒன்று கெட்டுப்போனால் என்பதற்காக மட்டுமல்ல, லென்ஸ் மாற்றாமல் இருப்பதற்காக. தீவின் மண் செம்மண். செந்தீவு என்ற பெயரே அதனால்தான் வந்தது. வறண்ட மாதத்தில் ஒரு லாரி கடந்தால் பத்து நிமிடம் புழுதி அடங்காது. சாலையில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் மைசூர் சாந்து பூசியதுபோல் ஆகிவிடும். ஒரு உடலில் 24–70 மி.மீ., இன்னொன்றில் 100–400 மி.மீ. இவை போதும். பச்சோந்திகளுக்காக, மிக அருகில் வைத்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்று. இரவு வானம் ஆசை இருந்தால் 20 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த அகல லென்ஸ் ஒன்று. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதிக்காக அலையும் நேரத்தில் இரண்டு ஊர் பார்க்கலாம்.

கிழக்குக் காட்டில் எதிரி புழுதி அல்ல, ஈரம். வறண்ட காலம் என்பது அங்கே பெயருக்குத்தான், ஜூலையிலும் தூறிக்கொண்டிருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் கொண்டுபோங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். பையை மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதைப் பற்றிச் சென்னையில் இருப்பவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மின்சாரம் அடிக்கடி போகும். காட்டோரத் தங்குமிடங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடும். நான்கு பேட்டரி வைத்திருந்தேன், ஐந்து இருந்திருக்கலாம். சொருகி பிரெஞ்சு வகை. நம் கைப்பேசியின் மெல்லிய இரு முனைச் சொருகி பொருந்தும், மூன்று முனை பொருந்தாது. தொலைபேசிக்கு உள்ளூர் சிம் வாங்கிவிடுங்கள். டானாவில் ஏர்டெல் பலகையைப் பார்த்தபோது சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது.

ஐந்தாம் படி: சூரியனை மறுபடியும் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியை எந்தப் பயண நூலிலும் நான் பார்க்கவில்லை. எனக்கு இது மூன்று காலைப் பொழுதுகளைப் பறித்த பாடம். தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிடக்கிறது. மகரரேகை அதன் தென்பகுதியை வெட்டிச் செல்கிறது. ஜூலையில் நண்பகல் சூரியன் வடக்கு வானில் நிற்கும். கிழக்கில் உதித்து, வடக்கு வழியாகப் போய், மேற்கில் விழும். சூரியனைப் பார்த்து நின்றால் அது வலமிருந்து இடமாக நகரும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்த வெயிலைப் பார்த்துப் பழகிய கண், இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்தச் சுவரில் வெளிச்சம் விழும் என்று கணக்குப் போடும். விழாது. எதிர்ச் சுவரில் விழும்.

போய்ச் சேர்ந்த முதல் நாள் எங்கும் போகாதீர்கள். தங்குமிடத்து முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு நிழலைப் பாருங்கள். கைப்பேசிச் செயலி சொல்லிவிடும்தான். ஆனால் சந்தைக் கூட்டத்தில் திரும்பி நிற்க வேண்டிய நொடியில் செயலியைத் திறக்க முடியாது, உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதில் ஒரு லாபமும் உண்டு. குளிர்கால நண்பகலில்கூடச் சூரியன் உச்சிக்கு ஏறுவதில்லை, சுமார் 50 பாகை உயரத்தில் நின்றுவிடுகிறது. நம் சித்திரை வெயில்போல் கண்குழிகளில் கரியப்பும் நிழல் கிடையாது. மறைந்த பிறகு மட்டும் அவசரம்: இருபத்தைந்து நிமிடத்துக்குள் இருட்டிவிடும். அஸ்தமனத்துக்குப் பிறகு முக்காலியை விரித்தவர்களுக்கு மிஞ்சுவது கொசுக்கடி.

இரவில் துருவ நட்சத்திரம் இல்லை. அதற்குப் பதிலாகப் பால்வீதியின் நடுப்பகுதி ஜூலை நடுவில் இரவு பத்து மணியளவில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே வந்து நிற்கிறது. அமாவாசையைப் பார்த்துப் பயணத் தேதி வையுங்கள்.

ஆறாம் படி: நாலு சொல், பிறகு கேமரா

மலகாசி மொழியின் நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவில் இல்லை, போர்னியோவில் இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்தவர்கள் கொண்டுவந்த மொழி, கொண்டுவந்த நெல். மூன்று வேளையும் சோறு. சோற்றுக்குப் பெயர் வாரி, கூட வருவதற்குப் பெயர் லவுகா. சாப்பாட்டுக் கடையின் பெயர் ஓட்டேலி. நம் ஊரைப் போலவே அங்கும் ஓட்டல் என்றால் படுக்கை கிடையாது, இலை மட்டும்தான். சோறு வடித்த பானையின் அடிப்பிடித்த பருக்கையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, அந்தப் பழுப்பு நீரைக் குடிக்கத் தருகிறார்கள். விடியற்காலையில் தெருவோரக் கரியடுப்பில் குழிக் கல்லை வைத்து அரிசிமாவு ஊற்றிச் சுடும் மோஃபோ காசி, பார்ப்பதற்கு அசல் குழிப்பணியாரம். காலை வெளிச்சம், அடுப்புப் புகை, சுடுபவரின் கைகள்: நான் எடுத்ததில் நல்ல படங்கள் பாதி இந்தக் கடைகளில் கிடைத்தவை. ஆனால் முதல் நாள் வாங்கித் தின்றுவிட்டு, மறுநாள்தான் கேமராவை எடுத்தேன்.

சொல்ல வேண்டிய சொற்கள் சில. சலாம, வணக்கம். மிசௌத்ர, நன்றி. அசஃபாடி, தயவுசெய்து அல்லது மன்னிக்க. "அஃபாக்க மக்கா சாரி வே?" என்றால் படம் எடுக்கலாமா. சாரி என்றால் படம்; மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படம் எடுப்பதுபோல் நமக்குக் கேட்கும், அதுவும் பொருத்தம்தான். வெளிநாட்டவரை வசாஹா என்று குழந்தைகள் கூவுவார்கள். வசவு இல்லை, சலாம சொல்லிவிட்டு நடங்கள்.

இதைவிட முக்கியமானது ஃபாடி. தீட்டு, விலக்கு, சாமி குத்தம் மூன்றும் கலந்த ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. கல்லறையை விரல் நீட்டிக் காட்டக் கூடாது. விரலை மடக்கிக் காட்ட வேண்டும். சில ஊர்களில் செவ்வாயோ வியாழனோ வயலில் இறங்குவது ஃபாடி. நாற்று நடவைப் படம் எடுக்கக் காத்திருந்தால் வயலில் கொக்கு மட்டும்தான் நிற்கும். ஊருக்குள் நுழையும் முன் இங்கே எது ஃபாடி என்று ஓட்டுநரைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதே மரியாதை. பல கதவுகள் அந்தக் கேள்விக்கே திறந்தன.

மேட்டுநிலத்தில் குளிர்காலத்தில் ஃபமாடிஹானா நடக்கும். முன்னோரைக் கல்லறையிலிருந்து எடுத்து, புதுப் பட்டுத் துணி சுற்றி, வாத்தியத்தோடு தோளில் தூக்கி ஆடி, மறுபடியும் உள்ளே வைக்கும் சடங்கு. அழைப்பில்லாமல் போகாதீர்கள், பணம் கொடுத்து இடம்பிடிக்கும் சுற்றுலாவாகப் போகவே போகாதீர்கள். என் ஓட்டுநரின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வந்தது. உறையில் மொய் வைத்துக் குடும்பத்துப் பெரியவரிடம் கொடுத்தேன், கேமராவைப் பையிலேயே வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் ஆடியபின் ஒரு பாட்டி என் பையைத் தட்டி, எதற்கு இதைச் சுமக்கிறாய் என்று கேட்டார். துணி சுற்றிய தன் கணவரை மடியில் கிடத்திக்கொண்டு, எடு என்றார். 35 மி.மீ., இரண்டு படம். அவரிடம் கேட்காமல் அந்தப் படத்தை எங்கும் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன், ஆகவே போடவில்லை.

அன்ட்சிராபேயில் மனிதர் இழுக்கும் கை ரிக்‌ஷாக்கள், புஸ்-புஸ் என்று பெயர், இன்னும் தெருவெல்லாம் ஓடுகின்றன. வண்ணம் தீட்டி, பெயர் எழுதி, படத்துக்கென்றே செய்தவைபோல் இருக்கும். தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை 1973-இல் ஒழித்தார்கள் என்ற நினைப்போடு போகிறவனுக்குக் கை கூசும். ஏறிக்கொண்டு, இழுப்பவரின் முதுகைப் படம் எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். அவர்கள் வண்டியைச் சாய்த்து வைத்து, நிழலில் சீட்டாடும் நேரத்தில் போய் உட்காருங்கள்.

ஏழாம் படி: இடத்துக்கு இடம் எப்படி எடுப்பது

அண்டசிபேயில் இந்த்ரி. உயிரோடிருக்கும் லெமூர்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று, கறுப்பு வெள்ளைக் கம்பளி, வால் இருந்தும் இல்லாததுபோல். காலை ஏழு மணியிலிருந்து அவற்றின் குரல் கிளம்பும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும் நீண்ட ஊளை. முதல் நாள் கேமராவைத் தூக்கவே தோன்றாது, தூக்காதீர்கள். தேசியப் பூங்காக்களில் உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். அவரிடம் ஒரே வேண்டுகோள் வையுங்கள்: நிறைய விலங்கு வேண்டாம், ஒரே குடும்பத்தோடு மூன்று மணி நேரம் வேண்டும். பெரும்பாலானோர் பட்டியலை நிரப்பவே வருவதால் வழிகாட்டிகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். உட்காரச் சொன்னால் முதலில் குழம்பி, பிறகு மகிழ்ச்சியாக உட்கார்ந்துவிடுவார்கள். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. ஐஎஸ்ஓ 3200-க்குத் தயங்காதீர்கள், ஷட்டர் 1/250-க்குக் கீழே போகாதீர்கள். கிளைக்குப் பின்னால் வெள்ளை வானம் இருந்தால் கேமராவில் வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள், இல்லாவிட்டால் முகம் கரித்துண்டாக வரும்.

பச்சோந்தி இனங்களில் ஏறக்குறைய பாதி இந்தத் தீவில்தான். 2021-இல் விவரிக்கப்பட்ட புரூக்கேசியா நானா என்ற இனத்தின் ஆண், வாலோடு சேர்த்து 22 மி.மீ.கூட இல்லை. அது வடக்கே, நமக்குக் கிடைப்பவை சாலையோரப் புதர்களில் தூங்குபவை. பூங்காக்களுக்குள் இரவு நடைக்குத் தடை. வெளியே சாலையோரம் அழைத்துப் போவார்கள். இரவு லெமூர்களின் கண்ணில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பகலில் சிலர் பச்சோந்தியைக் குச்சியில் எடுத்து உங்களுக்கு வசதியான கிளையில் வைத்துத் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கூண்டுக்குள் வளர்ப்பதை எடுத்தால், கூண்டு என்று படக் குறிப்பில் எழுதுங்கள்.

தெற்கே போகும் சாலையில் அம்பலவாவ். அம்பலவாணர் ஊர் என்று நானே பெயர் மாற்றிக்கொண்டேன். புதன்கிழமை மாட்டுச் சந்தை. திமில் பெருத்த செபு மாடுகள், போர்வை போர்த்திய மேய்ப்பர்கள், ஆளுக்கொரு கோல். விடிந்ததும் மேட்டின்மேல் போய் நின்றால் புழுதியும் பின்வெளிச்சமும் சேர்ந்து, நீங்கள் எதுவும் செய்யாமலே படம் அமையும். அங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஊர்மக்களே நடத்தும் அன்ஜா காப்பகம். வளைய வால் லெமூர்கள் காலைக் குளிரில் பாறைமேல் கைவிரித்து, வயிற்றைச் சூரியனுக்குக் காட்டி உட்காரும். யோகாசன வகுப்பு என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். இன்னும் தெற்கே போனால் இசாலோவின் மணற்பாறைகள். அதையும் தாண்டினால் இலகாகா. 1998-இல் நீலக்கல் கிடைத்து ஒரே மூச்சில் முளைத்த ஊர். கல் வாங்க வந்த இலங்கை வியாபாரிகளின் கடைகள் வரிசையாக இருக்கும். முதல் பயணத்தில் பார்த்தேன். அங்கே கேமராவைக் காருக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

மொரொண்டாவாவுக்கு வடக்கே அரைமணி, முக்கால்மணித் தொலைவில் பாவோபாப் சாலை. மன்னாரில் பெருக்க மரம், தமிழ்நாட்டில் ஆனைப்புளி என்று சொல்கிறோமே, அதன் உறவுகள். நம்மிடம் உள்ளது ஆப்பிரிக்க இனம். உலகின் எட்டு இனங்களில் ஆறு மடகாஸ்கரில் மட்டுமே. இந்தச் சாலையில் நிற்பவை முப்பது மீட்டர் உயரம் போகும், ஊர்க்காரர்கள் ரெனாலா என்பார்கள், காட்டின் தாய். மாலையில் கூட்டம் திருவிழா. எல்லோரும் சாலைக்குக் கிழக்கே நின்று, மேற்கு வானத்துக்கு எதிரே மரத்தின் கரிய நிழலுருவை எடுப்பார்கள். அதை ஒரு நாள் எடுத்து முடித்துவிட்டு, மறுநாள் மேற்குப் பக்கம் போய்த் திரும்பி நில்லுங்கள். சூரியன் மறையும் முன் கடைசிப் பத்து நிமிடம் அடிமரம் முழுவதும் செம்பு நிறம் ஏறும், அங்கே உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் விடியலுக்குப் போங்கள். அப்போது அது சுற்றுலா இடமில்லை, வெறும் சாலை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், தண்ணீர் சுமப்பவர்கள், மாட்டு வண்டிகள். மரத்தின் அளவு மனிதன் பக்கத்தில் நடந்தால்தான் தெரியும். இரவுப் படத்துக்கு உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இருபது நொடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்காதீர்கள், நட்சத்திரம் கோடாகும்.

அதே ஊரில் கழிமுகத்தைத் தாண்டினால் வேசோ மீனவர்களின் பெட்டானியா. ஒரு பக்கம் மிதவைக் கட்டை பூட்டிய ஒடுங்கிய தோணி, சாக்குத்துணியில் ஒட்டுப்போட்ட சதுரப் பாய். கரைக்காற்றில் விடியுமுன் போய், பிற்பகலில் கடற்காற்றில் திரும்புகின்றன. திரும்பும் நேரத்துக்குக் கரையில் இருங்கள், இழுக்கக் கை கொடுங்கள். கேமராவை அதற்கு முன்பே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்; உப்புத் தண்ணீரில் ஒரு முறை முழங்காலிட்ட என் 24–70 இன்னமும் திருகும்போது நறநறக்கிறது.

எட்டாம் படி: ஒவ்வொரு இரவும்

சாப்பிடுவதற்கு முன் மெமரி கார்டை இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். ஒன்று உங்கள் பையில், இன்னொன்று ஓட்டுநரின் பெட்டியில். இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அந்த வேகத்தில் பத்துப் படம் ஏறுவதற்குள் மின்சாரம் போய்விடும். கார்டுகளைப் பயணம் முடியும்வரை அழிக்காதீர்கள். டானாவில், முக்கியமாக அனலகேலிச் சந்தைப் பக்கம், பெரிய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கவே நடக்காதீர்கள். தலைநகரை நான் அறை மாடியிலிருந்தும் காருக்குள்ளிருந்தும்தான் எடுத்தேன், வெட்கமில்லை.

பிறகு, உடனே அச்சிடும் சிறு அச்சுக்கருவி ஒன்றும் நூறு தாளும் எடுத்துப் போயிருந்தேன். அன்றன்று எடுத்தவர்களின் படங்களை இரவில் அச்சிட்டு, மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் ஒரே ஊரில் இருந்தால்தான் இது நடக்கும். அன்ட்சிராபேயில் பணியாரம் சுடும் அம்மா தன் படத்தைப் பார்த்துவிட்டு, கை மட்டும் ஏன், முகம் எங்கே என்று கோபித்துக்கொண்டார். தலையை வாரிக்கொண்டு, பக்கத்துக் கடைப் பெண்ணிடம் சிவப்புச் சால்வையை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டு வந்து, அடுப்புக்கு முன்னால் விறைப்பாக நின்றார். அவருக்கு அந்தப் படத்தை அச்சிட்டுக் கொடுத்தேன். நூறு தாள் அம்பலவாவிலேயே தீர்ந்துவிட்டது. நீங்கள் இருநூறு எடுத்துப் போங்கள்.